குருமனைப் பிள்ளைகள்: ஆங்கிலேயக் கிராமப் பாதிரியாரின் வீடு எப்படி ஓடியது?

பாதிரியார் என்றதும் நம்மில் பலருக்கு மனைவி மக்கள் இல்லாத கத்தோலிக்கக் குருவின் உருவம்தான் மனதில் வரும். இங்கிலாந்துத் திருச்சபையின் கதை வேறு. ரோமிலிருந்து பிரிந்த பிறகு அங்கே குருவானவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று 1549-ல் சட்டமே வந்தது. நடுவில் மேரி ராணி காலத்தில் அது ரத்தானது. எலிசபெத் காலத்தில் வழக்கம் திரும்பியது. அதற்கப்புறம் ஊருக்கு ஊர் கோயிலை ஒட்டி ஒரு வீடு, அதில் ஒரு பாதிரியார், அவர் மனைவி, அரை டஜன் பிள்ளைகள் என்பது சாதாரணக் காட்சியாகிவிட்டது. நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபையார் குருமனை என்று சொல்லும் வீட்டின் ஆங்கில மூதாதை அதுதான்.

இந்தக் குடும்பங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் பணக் கணக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது. பக்தி அப்புறம் வரட்டும். பாதிரியார் பெரும்பாலும் ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் வாங்கியவர். ஊர்ப் பெரிய பண்ணையார் வீட்டு விருந்தில் சரிசமமாக உட்காருகிறவர். ஆனால் அவர் குடியிருக்கும் வீடு பதவிக்குச் சொந்தம். வருமானமும் பதவிக்கு வருவது. அவர் கண்ணை மூடினால் அடுத்தவர் வந்து சாவியை வாங்கிக்கொள்வார், மனைவி மக்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான். குடும்ப ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. எந்தப் பையனைப் படிக்க வைப்பது, எவனைக் கடலுக்கு அனுப்புவது, எவனைத் தத்துக் கொடுப்பது, மகளின் கல்யாணம் எப்போது என்ற எல்லாமே இந்த ஒரு கவலையைச் சுற்றித்தான் ஓடின.

பதவி எப்படிக் கிடைக்கும்? ஒரு சேகரத்துக்கு, அதாவது ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் வட்டாரத்துக்கு, யாரைக் குருவானவராக நியமிப்பது என்ற உரிமை பல ஊர்களில் பேராயரிடம் இருக்கவில்லை. நிலக்கிழார்களிடமும் கல்லூரிகளிடமும் இருந்தது. அந்த உரிமையும் ஒரு சொத்துதான்: விற்கலாம், வாங்கலாம், உயிலில் எழுதி வைக்கலாம். நியமனம் ஆகிவிட்டால் ஆயுள் முழுக்கப் பதவி உங்களுடையது. வருமானம் இரண்டு வழியில் வரும். ஒன்று கோயில் மானிய நிலம். இன்னொன்று தசமபாகம், அதாவது ஊர் விளைச்சலில் பத்தில் ஒன்று. ரெக்டர் என்ற பதவி இருந்தால் தானியம் முதல் ஆட்டுக்குட்டி வரை முழுப் பங்கும் அவருக்கு. விகார் என்றால் நெல்லுக்கு நிகரான பெரிய பங்கு வேறு யாருக்கோ போய்விடும். முட்டை, காய்கனி, குட்டிகள் போன்ற சில்லறைப் பங்கு மட்டும் இவருக்கு. கியூரெட் என்பவர் வெறும் சம்பள ஆள். மூன்று பேரும் ஒரே மாதிரி அங்கி போட்டுக்கொண்டுதான் பிரசங்கம் செய்வார்கள், ஆனால் வீட்டு அடுப்பில் வித்தியாசம் தெரிந்துவிடும். 1836-ல் வந்த சட்டம் தசமபாகத்தைப் பணமாக மாற்றியது. அதுவரை பாதிரியாருக்கும் விவசாயிக்கும் அறுவடைக்கு அறுவடை உரசல்தான்.

இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் எப்படி இருந்தது என்று பார்க்க ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்ற ஊரை எடுத்துக்கொள்கிறேன். முப்பது குடும்பங்கள் இருந்தாலே அதிகம். ரெக்டர் பெயர் ஜார்ஜ் ஆஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் அப்பா. மகளின் கடிதங்களாலும் பேரப்பிள்ளைகள் குறித்து வைத்த கதைகளாலும் மற்ற குருமனைகளைவிட இந்த வீட்டைப் பற்றி நமக்கு அதிகம் தெரியும்.

ஜார்ஜ் 1731-ல் பிறந்தவர். மருத்துவரின் மகன், சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். வக்கீலாக இருந்த பெரியப்பா கைகொடுத்தார். படிப்பும் நன்றாக வந்ததால் ஆக்ஸ்ஃபோர்டு போனார். அவருடைய அக்கா ஃபிலடெல்ஃபியாவுக்கு அந்த வழி இல்லை. லண்டனில் தொப்பி தைக்கும் கடையில் வேலை பழகினாள். அப்புறம் 1752-ல் மதராசுக்குக் கப்பல் ஏறினாள். கையில் பணமில்லாத ஆங்கிலேயப் பெண்கள் மாப்பிள்ளை தேடி இந்தியாவுக்கு வருவது அந்தக் காலத்தில் நடப்புதான். அடுத்த வருடமே கடலூரில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டைசோ சால் ஹான்காக், செயின்ட் டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் தம்பிக்குப் பல்கலைக்கழகம், அக்காவுக்குக் கடலூர். இந்தக் கதையில் ஆண் பெண் கணக்கு இப்படித்தான் போகும்.

1761-ல் தாமஸ் நைட் என்ற பணக்கார உறவினர் ஜார்ஜுக்கு ஸ்டீவன்டன் பதவியைக் கொடுத்தார். வருடத்துக்குச் சுமார் 100 பவுண்டு. பக்கத்து ஊரான டீனின் நியமன உரிமையைப் பெரியப்பா பணம் கொடுத்து வாங்கி வைத்து, 1773-ல் அதுவும் கிடைத்தது. அதில் சுமார் 110. ஒரே ஆள் இரண்டு ஊருக்கும் குருவானவர். ஒரு பண்ணைக் கூலிக்கு வருடம் முழுக்க உழைத்தாலும் இருபது முப்பது பவுண்டுதான் என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய தொகை. கனவான் மாதிரி உடுத்தி, வேலையாள் வைத்து, எட்டுப் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று பார்த்தால் போதாது. ஆரம்ப வருடங்களில் உறவினர்களிடம் கடன் வாங்கித்தான் ஓட்டினார்.

எட்டுப் பிள்ளைகள் என்றேன்: ஜேம்ஸ், ஜார்ஜ், எட்வர்ட், ஹென்றி, கசாண்ட்ரா, ஃபிரான்சிஸ், ஜேன், சார்லஸ். 1765-க்கும் 1779-க்கும் இடையில் ஆறு ஆண், இரண்டு பெண். அவர்களின் அம்மா கசாண்ட்ரா லீ பெரிய குடும்பத்துப் பெண். ஆனால் மூக்கை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை. சிவப்புக் கம்பளியில் குதிரையேற்ற உடை ஒன்று. அதைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணப் பயணம் கிளம்பினாராம். பல வருடம் உழைத்த அந்தத் துணியை வெட்டி மகன் ஃபிரான்சிசுக்கு வேட்டைக்குப் போக ஒரு சிவப்புக் கோட்டு தைத்துவிட்டார். அந்தப் பையனும் லேசுப்பட்டவன் இல்லை. ஏழு வயதில் தன் காசில் 1 பவுண்டு 11 ஷில்லிங் 6 பென்சுக்கு ஒரு மட்டக்குதிரை வாங்கி, இரண்டு பருவம் ஓட்டிவிட்டு, ஒரு கினி (21 ஷில்லிங்) லாபத்துக்கு விற்றான். குருமனை வீட்டின் வியாபார புத்திக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஜார்ஜ் ஆஸ்டின் நைட் குடும்பத்திடமிருந்து சுமார் 200 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். அம்மாவின் பொறுப்பில் பால் மாடு, கோழி, தோட்டம். தன்னிடம் ஒரு காளையும் ஆறு பசுக்களும் இருக்கின்றன என்று 1773-ல் பெருமையாக எழுதியிருக்கிறார். உருளைக்கிழங்கு அந்த ஊருக்குப் புதிது. குடியானவர் வீட்டுப் பெண் ஒருத்தியிடம் நீயும் போட்டுப் பாரேன் என்று சொல்லியிருக்கிறார். அவளோ, உங்களைப் போன்ற பெரிய மனிதர்களுக்கு அது சரி, வளர்க்க எக்கச்சக்கமாகச் செலவாகுமே என்று மறுத்துவிட்டாளாம்.

அதுவும் போதாமல் 1773 முதல் 1796 வரை வீட்டையே பள்ளிக்கூடமாக்கினார்கள். வசதியான வீட்டுப் பையன்கள் சிலர் இங்கேயே தங்கி, சாப்பிட்டு, பாதிரியாரிடம் லத்தீனும் கிரேக்கமும் படிப்பார்கள். ஆரம்பத்தில் ஆளுக்கு வருடம் 35 பவுண்டு கட்டணம், பிறகு ஏறியது. சொந்தப் பையன்களுக்கும் இதே வகுப்பு, அந்தச் செலவு மிச்சம். படிப்பு அப்பா பார்த்துக்கொண்டார், மற்ற எல்லாம் அம்மா. கூரைமேல் காற்றின் திசை காட்டும் சேவல் ராத்திரியெல்லாம் கிறீச்சிட்டுத் தூங்க விடவில்லை என்று மாணவர்கள் முறையிட்டபோது, அந்தப் புகாரை அவர்கள் பெயரிலேயே வேடிக்கையான மனுப் பாட்டாக எழுதிக் கொடுத்தவர் அவர். விடுமுறைக் காலங்களில் பிள்ளைகள் சேர்ந்து நாடகம் போடுவார்கள். தானியக் களஞ்சியம்தான் மேடை. ஜேன் வளர்ந்தது இந்தக் கூச்சலில்தான். அமைதியான கிராமத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதிய பெண் என்ற பிம்பம் எப்படி வந்தது என்று எனக்குப் புரிவதில்லை.

இன்றைய கண்ணுக்கு உறுத்தும் வழக்கங்களும் அங்கே இருந்தன. பால்குடி மறந்த சில மாதக் குழந்தையை ஊரில் ஒரு பெண்ணிடம் கொடுத்துவிடுவார்கள். ஓடியாடி, பேச வரும் வயதில்தான் குழந்தை வீடு திரும்பும். தினமும் போய்ப் பார்த்தார்கள் என்று குடும்பத்தார் சொல்வார்கள். இரண்டாவது மகன் ஜார்ஜுக்கு வலிப்பு வந்தது, மூளை வளர்ச்சியிலும் குறை. அவன் கெட்ட பிள்ளையாக ஆக முடியாது, அந்த ஆறுதலாவது உண்டு என்று அப்பா ஒரு கடிதத்தில் எழுதினார். அவனைச் சில மைல் தள்ளி மங்க் ஷெர்போர்னில் ஒரு குடும்பத்திடம் பணம் கொடுத்து விட்டுவைத்தார்கள். 1838 வரை, எழுபது வயது தாண்டி அங்கேயே வாழ்ந்தார். அண்ணன் தம்பிகள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய குடும்பம் இவரைப் பற்றி அதிகம் பேசவில்லை.

மீதி ஐந்து பையன்களுக்கும் ஆளுக்கொரு வழி. மூத்தவன் ஜேம்சும் நான்காவது ஹென்றியும் ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார்கள். அம்மா வழியில் கல்லூரி நிறுவனரின் உறவு என்ற உரிமையில் படிப்புச் செலவு கையைக் கடிக்கவில்லை. எட்வர்டை, பிள்ளையில்லாத நைட் தம்பதி தங்கள் மாளிகைக்கு அடிக்கடி அழைத்துப் போனார்கள். பையனின் லத்தீன் கெட்டுப்போகுமே என்று அப்பா தயங்க, சொந்தக்காரர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள், போகட்டும் விடுங்கள் என்றார் அம்மா. கடைசியில் அவர்கள் தத்தே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு முடிவு இருபது வருடம் கழித்து என்ன பலன் கொடுத்தது என்பது பின்னால் வரும்.

குதிரை வியாபாரி ஃபிரான்சிஸ் பன்னிரண்டாம் வயதில் போர்ட்ஸ்மத் கடற்படைப் பள்ளிக்குப் போனான். 1788-ல் கிழக்கிந்தியக் கடலுக்குக் கப்பல் ஏறியபோது வயது 14. அப்பா ஒரு நீண்ட கடிதம் எழுதிக் கொடுத்தார்: ஜெபத்தை விடாதே, மேலதிகாரிகளிடம் பணிவாக இரு, கணக்கு எழுதி வை, அடிக்கடி கடிதம் போடு. அந்தத் தாளை ஃபிரான்சிஸ் ஆயுள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தார். 1863-ல் கடற்படையின் உச்சப் பதவி வரை போனார். கடைக்குட்டி சார்லசும் அதே பாதைதான். கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக இருந்தபோது, 1852-ல் பர்மியப் போர் நடந்த சமயம் ஐராவதி ஆற்றில் காலராவில் இறந்தார். அவர் கல்லறை இலங்கையில், திருகோணமலையில் இருக்கிறது. பணம் கட்டிப் பதவி வாங்க வேண்டிய தரைப்படையைவிடக் கடற்படை பாதிரியார் வீட்டுப் பையன்களுக்கு எட்டக்கூடியதாக இருந்தது. நெல்சனும் நார்ஃபோக்கில் ஒரு கிராம ரெக்டரின் மகன்தான்.

பெண்களுக்கு இப்படி எந்த வரிசையும் இல்லை. 1783-ல் இருவரையும் ஒரு விதவை அம்மாளிடம் படிக்க அனுப்பினார்கள். சவுதாம்ப்டனில் காய்ச்சல் பரவி ஜேன் பிழைத்ததே பெரிது. பிறகு ரெடிங்கில் ஒரு பள்ளியில் கொஞ்ச காலம். 1786-க்குப் பிறகு அதுவும் இல்லை. ஆனால் அப்பாவின் புத்தக அலமாரிகளுக்குப் பூட்டு இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள், இதைப் படி அதைப் படிக்காதே என்ற கெடுபிடியும் கிடையாது. விலை அதிகமான வெற்று நோட்டுப் புத்தகங்களை மகளுக்கு வாங்கிக் கொடுத்தார். ஒன்றின் முன்பக்கத்தில் 'என் தந்தையின் பரிசு' என்று அவள் லத்தீனில் எழுதி வைத்தாள். 1797-ல் அவளுடைய நாவல் ஒன்றைப் பற்றி லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு அப்பாவே கடிதம் எழுதினார். அடுத்த தபாலிலேயே வேண்டாம் என்று பதில் வந்துவிட்டது.

கோயிலின் கல்யாணப் பதிவேட்டில் எப்படி எழுத வேண்டும் என்று காட்ட முன்னால் மாதிரிப் பக்கம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதில் ஜேன் சின்ன வயதில் தன் பெயருக்கு எதிரே மூன்று கற்பனை மாப்பிள்ளைகளை எழுதி வைத்தாள். முதல் ஆள் லண்டன் ஹென்றி ஃபிரெடெரிக் ஹோவர்ட் ஃபிட்ஸ்வில்லியம். அடுத்தவர் லிவர்பூல் எட்மண்ட் ஆர்தர் வில்லியம் மார்ட்டிமர். கடைசியில் வெறும் ஜாக் ஸ்மித். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. கோயில் பதிவேட்டில் கிறுக்கியதற்கு அப்பா திட்டினாரா என்று எங்கும் குறிப்பில்லை.

நிஜக் கல்யாணம் அவ்வளவு விளையாட்டாக இல்லை. கசாண்ட்ராவுக்கு நிச்சயமான டாம் ஃபவுல் அவளுடைய அப்பாவிடம் படித்த பழைய மாணவர், அவரும் பாதிரியார். நல்ல வருமானமுள்ள பதவி ஒன்று காலியானால்தான் கல்யாணம். அதைக் கொடுக்கும் நிலையில் இருந்த கிரேவன் பிரபு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் படையோடு கிளம்பியபோது, டாமைத் தன் குருவாகக் கூட அழைத்தார். வேண்டாம் என்று சொன்னால் பதவி போய்விடும் என்ற பயம், டாம் போனார். 1797-ல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். நிச்சயமான விஷயம் தெரிந்திருந்தால் கூட்டிப் போயிருக்க மாட்டேன் என்று பிரபு பிறகு சொன்னாராம். டாம் உயிலில் விட்டுப்போன 1,000 பவுண்டுதான் கசாண்ட்ராவின் கையில் இருந்த ஒரே சொந்தப் பணம். அவள் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஊருக்குள் இந்தப் பெண்களுக்கு வேலை நிறைய இருந்தது. ஏழை வீடுகளுக்குப் போவது, துணி தைத்துக் கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது. 1798 கிறிஸ்துமஸுக்கு ஊர்ப் பெண்களுக்குக் கம்பளிக் காலுறைகள், ஒரு உள்ளாடை, ஒரு சால்வை கொடுத்ததாக ஜேன் கடிதத்தில் எழுதி, எல்லாம் சேர்த்து அரை கினி ஆனது என்று கணக்கும் சொல்கிறாள். குருவானவரின் சம்பளத்தில் மனைவி, மகள்களின் இந்த உழைப்பும் அடக்கம் என்றே சபை எடுத்துக்கொண்டது.

1800 முடிவில் அப்பா திடீரென்று, பாத் நகரத்துக்குப் போகிறோம் என்று அறிவித்தார். பதவி அவர் பெயரிலேயே இருக்கும், மகன் ஜேம்ஸ் கியூரெட்டாக ஊரைப் பார்த்துக்கொள்வார். தசமபாகத்தை ஏற்றி வருடம் 600 பவுண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம் என்று ஜேன் எழுதினாள். புத்தகங்களும் பியானோவும் விலைக்குப் போயின. நான்கு வருடம்தான். 1805 ஜனவரி 21-ம் தேதி அவர் இறந்த அன்றே வருமானம் நின்றது. தாயும் இரண்டு மகள்களும் என்ன செய்வது? மகன்கள் பங்கு போட்டார்கள். ஜேம்சும் ஹென்றியும் வருடம் 50 பவுண்டு, எட்வர்ட் 100. ஃபிரான்சிஸ் தானும் 100 தருகிறேன், ஆனால் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். அம்மா அதில் பாதி போதும் என்றார். அப்புறம் ஊர் ஊராக வாடகை வீடு, உறவினர் வீடு. 1809-ல்தான் எட்வர்ட் தன் சாட்டன் எஸ்டேட்டில் ஒரு வீட்டைக் கொடுத்தார். நைட் சொத்து முழுக்க அவருக்கு வந்திருந்ததே! ஜேனின் நாவல்கள் அச்சேறியது அந்த வீட்டுக்குப் போன பிறகுதான்.

ஸ்டீவன்டனை நடுத்தர நிலை என்று வைத்தால், அதற்குக் கீழே யார்க்ஷயரில் ஹாவொர்த். அங்கே 1820-ல் வந்த பேட்ரிக் பிராண்டே ரெக்டரும் இல்லை, விகாரும் இல்லை, நிரந்தர கியூரெட். தசமபாகம் கிடையாது, வருடம் 200 பவுண்டுக்கு உள்ளேதான். கைகொடுக்கப் பணக்கார உறவும் இல்லை. அயர்லாந்தில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து தானே முன்னேறியவர். மறு வருடமே மனைவி இறந்தார், வீட்டில் ஆறு குழந்தைகள். மனைவியின் அக்கா வந்து பார்த்துக்கொண்டார். ஏழைப் பாதிரியார்களின் மகள்களுக்கென்று கோவன் பிரிட்ஜில் ஒரு பள்ளி இருந்தது, வருடம் 14 பவுண்டுதான். நான்கு மகள்களை அனுப்பினார். மூத்த இருவரும் 1825-ல் காசநோயோடு வீடு திரும்பி, 11 வயதிலும் 10 வயதிலும் இறந்தார்கள். மீதி நால்வரும் வீட்டிலேயே வளர்ந்தார்கள். அடுத்த வருடம் அப்பா மகனுக்கு ஒரு டஜன் மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டு பெயர் வைத்து, அந்தச் சிப்பாய்கள் படிக்கத் தோதாகத் தீப்பெட்டி அளவில் புத்தகம் தைத்து, பொடி எழுத்தில் கதை எழுதினார்கள். பின்னாளில் நாவலாசிரியைகளான பிராண்டே சகோதரிகள் எழுதக் கற்றது அங்கேதான். வீட்டை ஒட்டி நெருக்கமான கல்லறைத் தோட்டம். ஊருக்கு நல்ல தண்ணீர் கிடையாது. பேட்ரிக் அரசுக்கு மனு போட்டு வரவழைத்த 1850 ஆய்வு, அந்த ஊரில் இறப்பவர்களின் சராசரி வயது 26-ஐக்கூடத் தொடவில்லை என்றது.

பேட்ரிக் 1861-ல் 84 வயதில் இறக்கும்போது ஆறு பிள்ளைகளும் அவருக்கு முன்பே போயிருந்தார்கள். கடைசி வரை கூட இருந்த மருமகன் ஆர்தர் பெல் நிக்கல்ஸ், அதே கோயிலில் பல வருடம் கியூரெட்டாக உழைத்தவர். பதவி அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நியமனத்தில் கை வைத்திருந்த அறங்காவலர்கள் வேறொருவரைப் போட்டார்கள். வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின, நிக்கல்ஸ் அயர்லாந்துக்குத் திரும்பினார்.

நியமன உரிமை சொந்தக்காரர் கையில் இருந்தால் கதை வேறு மாதிரி போகும். ஸ்டீவன்டனில் அப்பாவுக்குப் பின் ஜேம்ஸ் ரெக்டரானார். 1819-ல் அவரும் இறந்தபோது, உரிமை எட்வர்ட் கையில். எட்வர்டின் மகன் வில்லியமுக்கு அதைக் கொடுக்க ஆசை, ஆனால் அவர் இன்னும் குருப்பட்டம் பெறவில்லை. அதுவரை இடம் பிடித்து வைக்க ஒரு ஆள் வேண்டும். ஹென்றி இருக்கவே இருக்கிறார்: ராணுவம், வங்கி என்று சுற்றி, 1816-ல் வங்கி திவாலாகி, அதே வருடம் பாதிரியாராகியிருந்தார். அவர் மூன்று வருடம்போல ரெக்டராக இருந்துவிட்டு, வில்லியம் தயாரானதும் இடத்தைக் காலி செய்தார். எட்வர்ட் மகனுக்கு மேட்டில் புது வீடு கட்டிக் கொடுத்தார். எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த பழைய குருமனையை இடித்துவிட்டார்கள். வில்லியம் 1873 வரை, ஐம்பது வருடம் அந்தப் பதவியில் இருந்தார்.